பிலவங்க வருசம் போனவர் எந்தச் சீமையில்?

வாசகர் கேள்வி–பதில்

கடன், சீட்டாட்டம், அடிதடி, பங்காளிச் சண்டை, பெண் விவகாரம் என்று ஏதோ ஒன்றில் சிக்கி, சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறியவர் கொங்கு நாட்டில் பல வீடுகளில் உண்டு. அப்படிப் போனவர்களைத் தேடுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) அண்ணன் சீட்டாட்டத்தில் கடன்பட்டு, தோட்டத்தை அடமானம் வைத்துவிட்டு, "பிலவங்க வருசம் ஆடி நோம்பி கழிந்து" காணாமல் போனாராம். பினாங்கு என்கிறார் ஒரு பெரியவர். நெட்டால் (தென்னாப்பிரிக்காவின் நேட்டால்) என்கிறார் இன்னொருவர். எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், காங்கேயம்

முதல் வேலை அவரைத் தேடுவதல்ல, அவர் போன வருசத்தை உறுதி செய்வது. வருசம் கிடைத்தால் பாதிச் சீமைகள் தானாகக் கழிந்துவிடும்.

தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிலவங்க என்றால் 1847, 1907, 1967 மூன்றும் ஆகும். உங்கள் அப்பாருவின் அண்ணன் என்பதால் 1907 ஜூலை, ஆகஸ்ட் என்று கொள்ளலாம். பழைய பத்திரங்களிலும் கிராமக் கணக்குகளிலும் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) போட்டிருப்பார்கள். பசலியோடு 590 கூட்டுங்கள். ஜூலையில் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1317 என்றால் 1907 ஜூலை முதல் 1908 ஜூன் வரை. பிப்ரவரி மாதத்துப் பத்திரத்துக்கு 591 கூட்ட வேண்டும். இந்த ஒன்றில்தான் பலர் ஒரு வருசம் பிசகுகிறார்கள். "தாது வருசப் பஞ்சத்தில் போனவர்" என்று வீட்டில் சொன்னால் அது 1876–77.

இனிச் சீமைகளைக் கழித்துப் பாருங்கள். மொரிஷியசுக்கு 1834 முதல் ஆள் போனது. கூட்டம் கூட்டமாகப் போனது 1840களிலும் 50களிலும். உங்களவர் காலத்தில் அது ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியனுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆள் போனது 1882இல் நின்றது. நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் இறங்கியதில் தொடங்கி 1911 வரை. நடுவில் 1866 முதல் 1874 வரை கப்பலே இல்லை. சென்னையிலிருந்து பிஜிக்கு 1903 முதல் 1916 வரை மட்டும். மலாயாவுக்குக் கங்காணி வழியாக 1938 வரை. இலங்கைக்கும் பர்மாவுக்கும் உங்களவர் காலத்திலும் ஆள் போனது. ஆக 1907 என்றால் நேட்டால், பிஜி, மலாயா, இலங்கை, பர்மா என்று ஐந்து மிச்சம். 1920 என்று வந்திருந்தால் நேட்டாலையும் பிஜியையும் யோசிக்கவே வேண்டாம்.

வாய்மொழியை அப்படியே நம்பாதீர்கள், ஒதுக்கவும் வேண்டாம். 'பினாங்கு' என்பது பழைய ஆட்கள் வாயில் மலாயா முழுவதற்கும் பெயர், ஏனென்றால் கப்பல் அங்கேதான் முதலில் நிற்கும். 'கண்டி' என்றால் இலங்கை முழுவதும். ஆனால் 'நெட்டால்' என்ற சொல் ஒரு குடும்பத்தில் சும்மா வந்து உட்காராது. யாரோ ஒருவர் கடிதத்திலோ மணியார்டரிலோ பார்த்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைப் பிடித்துத் தொடங்கச் சொன்னால் நெட்டாலைத்தான் சொல்வேன். அங்கே பெயர்ப் பதிவு இருப்பது இன்னொரு காரணம்.

நிலத்தை அடமானம் வைத்துவிட்டு ஓடியவர் ஒரு நன்மை செய்துவிட்டுப் போயிருக்கிறார்: பத்திரம். சார்பதிவாளர் அலுவலகப் பதிவுகள் 1860களிலிருந்தே தொடங்குகின்றன. இணையத்தில் வில்லங்கம் போட்டால் அவ்வளவு பழைய காலத்துக்கு வராமல் போகலாம். இணையத்தில் வராததற்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு உண்டு. பழைய சர்வே எண் தெரியாதவர்கள் பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்த சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லை பலமுறை மாறியிருக்கும்.

அவர் கையெழுத்துப் போட்ட கடைசிப் பத்திரத்தின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவர் போகவில்லை. அப்புறம் அவருடைய தம்பிமார் பெயரில் அடுத்த இருபது முப்பது வருசத்துப் பாகப்பிரிவினையையும் விடுதலைப் பத்திரத்தையும் எடுங்கள். அதில் "எங்களில் மூத்தவர் ஊரைவிட்டுப் போய் இன்ன சீமையில் இருந்துகொண்டு" என்றோ, "இருப்பிடம் தெரியாமல்" என்றோ ஒரு வரி இருக்க வாய்ப்புண்டு. பத்திரம் எழுதுபவர் பின்னாளில் வழக்கு வராமலிருக்க எழுதிய வரி அது. உங்களுக்கு அதுதான் திசைகாட்டி.

எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஓடுவது அதற்கப்புறம். அங்கே அரசு நடவடிக்கைகள், குடியேற்ற அறிக்கைகள், கலெக்டர் கடிதங்கள், வெளிநாட்டில் செத்துப்போனவர்களின் கூலிப் பாக்கி பற்றிய கடிதப் போக்குவரத்து இருக்கும். ஏறியவர்களின் பெயர்வாரிப் பட்டியலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பெயர் இருப்பது இறங்கிய துறையில்.

கேள்வி: நேட்டால் பதிவில் தேடினேன். அதே பெயரில், கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். பணம் சேர்ந்ததும் வீட்டை மறந்துவிட்டார் எங்களவர். மூவரில் அவர் எவர் என்று எப்படிப் பிரிப்பது? – வாசகி, தாராபுரம்

நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் அங்க அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாக் கட்டங்களையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. நம்பிக்கை குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

வயது: பத்தையும் ஐந்தையும் ஒட்டி எழுதுவார்கள். ஐந்து வயது கூடக்குறைய இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 38 வயதுக்காரரை 30 என்று எழுதியது சகஜம், ஏனென்றால் வயசான ஆளைத் தோட்டக்காரன் எடுக்கமாட்டான்.

சாதி: ஆள்பிடிப்பவனுக்கு எந்தச் சாதி விலைபோகும் என்று தெரியும். கடனுக்குப் பயந்து ஓடுகிறவருக்கு அடையாளம் மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கட்டத்தில் எதுவும் எழுதப்படலாம்.

பெயர்: எழுதியவர் பெரும்பாலும் நம் பேச்சு அறியாத குமாஸ்தா. குழந்தைவேலு நம் வாயில் கொளந்தவேலு. அது கட்டத்தில் ஆங்கில 'கே' எழுத்திலும் இருக்கும், 'சி' எழுத்திலும் இருக்கும். சென்னியப்பனை 'சி–எச்' போட்டும் தேடுங்கள், 'எஸ்' போட்டும் தேடுங்கள். செங்கோடனும் அப்படித்தான். முத்து என்பதற்கு இரட்டை 'ஓ' போடுவது அந்தக் கால வழக்கம். நாச்சிமுத்து 'மூட்டூ' ஆகிவிடுவார். மாரப்பனின் 'பன்' அங்கே 'பென்'. ரீயூனியனில் 'பின்' என்று முடியும். ஆகவே முழுப் பெயரைத் தட்டாமல் நடு மூன்று நான்கு எழுத்தை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

தகப்பன் பெயர்: இதில் பொய் குறைவு. ஊரையும் சாதியையும் மாற்றிச் சொன்னவர்கூடத் தகப்பன் பெயரை மாற்றத் தயங்கியிருப்பார். மூவரில் தகப்பன் பெயர் பொருந்துகிறவரை முதலில் எடுங்கள்.

அங்க அடையாளம்: "இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு", "வலது மார்பில் மச்சம்", "நெற்றியில் வெட்டுக்காயம்" என்று இருக்கும். அருவாள் பட்டதோ, மாடு முட்டியதோ, கிணறு வெட்டும்போது கல் தெறித்ததோ வீட்டில் ஒரு கதை இருந்திருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் பட்டியலைக் காட்டாமல் முதலில் கேளுங்கள். காட்டிவிட்டுக் கேட்டால், "ஆமாமா, மச்சம் இருந்துச்சு" என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். அது சாட்சி ஆகாது.

ஜில்லா, தாலுகா: இன்றைய படத்தை வைத்துப் பார்த்தால் தப்பு வரும். திருப்பூர் மாவட்டம் 2009இல் வந்தது, ஈரோடு 1979இல் வந்தது. 1907இல் இரண்டும் கோயம்புத்தூர் ஜில்லா. கரூர் 1910 வரை கோயம்புத்தூரில் இருந்து அப்புறம் திருச்சிக்குப் போனது. கொள்ளேகால் 1956 வரை நம் ஜில்லா. இன்னொன்று: ஆளைப் பதிவு செய்த இடமும் சொந்த ஊரும் வேறாக இருக்கும். சந்தையிலும் ரயிலடியிலும் ஆள் பிடித்து, பிடித்த இடத்து அதிகாரி முன் நிறுத்திப் பதிவார்கள். "தஞ்சாவூரில் பதிவு" என்று கண்டவுடன் நம்மவர் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக, பக்கத்து எண்களைப் படியுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஓடிப்போகிறவர் தனியாக ஓடுவது அபூர்வம். கூட ஒரு சீட்டாட்டக் கூட்டாளியோ, மச்சினனோ, அதே ஊர்ப் பெண்ணோ இருப்பார்கள். உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் இருபது பேரைப் பாருங்கள். அதே கிராமம், அதே தாலுகா இன்னொரு எண்ணில் வந்தால் ஆள் ஏறக்குறைய உறுதி. ஊரில் அந்த இன்னொருவரின் வீட்டிலும் ஓடிப்போன கதை இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

தேதியையும் ஒட்டிப் பாருங்கள். ஊரை விட்டவர் டிப்போவில் (கப்பலேறும்வரை ஆட்களை வைத்திருந்த முகாம்) வாரக்கணக்கில் காத்திருப்பார். அப்புறம் கப்பல், ட்ரூரோவுக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஆடியில் போனவர் ஆவணியிலேயே டர்பனில் இறங்கியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் பொருந்தும்.

எண் உறுதியானதும் தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலில் அவர் பெயரையும், அவருக்கு அங்கே பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்கள் பெயரையும் போடுங்கள். சொத்து விட்டுச் செத்தவர்களுக்கு நீதிமன்றக் கோப்பு இருக்கும். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பிறந்த ஊர், தாய் தகப்பன், மனைவி, மக்கள் பெயர் வரும். ஃபேமிலிசர்ச் தளத்திலும் நேட்டால் இறப்புப் பதிவுகள் உண்டு. கணக்குத் தொடங்கக் காசில்லை.

ஒரு சொல் கூடுதலாக. "பணம் சேர்ந்ததும் வீட்டை மறந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூலி ஒப்பந்தம் ஐந்து வருசம். முதல் வருசக் கூலி மாதம் 10 ஷில்லிங், அப்புறம் வருசத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். 1895க்கு முந்திய முறையில், இலவசமாகத் திரும்பக் கப்பல் கிடைக்கப் பத்து வருசம் அங்கே இருக்க வேண்டும். ஐந்து வருசம் முடிந்து, மறு ஒப்பந்தமும் போடாமல் ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே தங்குபவர் மேல் 1895இல் ஒரு சட்டம் போட்டு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி வைத்தார்கள். அது 60 ஷில்லிங், அதாவது தொடக்கக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1914இல்தான் நீக்கினார்கள். மணியார்டர் வராததற்கு மறதியைத் தவிர வேறு காரணமும் இருந்தது.

கேள்வி: டர்பனில் இருக்கும் நண்பரின் குடும்பப் பெயர் 'கவுண்டன்'. கொள்ளுத்தாத்தாவின் பதிவில் கோயம்புத்தூர் ஜில்லா, ஈரோடு தாலுகா, புதுப்பாளையம் என்று இருக்கிறது. ஊரைக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியுமா? – வாசகர், பெருந்துறை

கவுண்டன் என்ற பெயரை வைத்து இன்ன சாதி, இன்ன குலம் என்று முடிவு செய்யாதீர்கள். வேட்டுவர், குரும்பர், ஊராளி, சேலம்–வடஆற்காடு பக்கத்து வன்னியர் எல்லாருக்கும் அந்தப் பட்டம் உண்டு. நேட்டாலில் அது அடுத்தடுத்த தலைமுறையில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

புதுப்பாளையம்தான் சிக்கல். பாளையம், வலசு, புதூர், காட்டுப்புதூர் என்று முடியும் ஊர்கள் கொங்கில் அடிக்கு ஒன்று. நம் பக்கம் குடிகள் தோட்டத்துச் சாளைகளில் சிதறி இருப்பார்கள். வருவாய்க் கிராமம் ஒரு பெயர், குடியிருக்கும் வலசு வேறு பெயர். குமாஸ்தா எதைக் கேட்டு எழுதினார் என்பது தெரியாது. ஈரோடு, பெருந்துறை, மொடக்குறிச்சி, கொடுமுடி தாலுகாக்களின் வருவாய்க் கிராமப் பட்டியலையும் குக்கிராமப் பட்டியலையும் எடுத்து எல்லாப் புதுப்பாளையங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் நண்பரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வீட்டில் முதல் பொங்கலை எந்தச் சாமி பெயரைச் சொல்லி வைத்தார்கள்? அண்ணமார், செல்லாண்டியம்மன் என்று வந்தால் கொங்கு வாசம் அடிக்கிறது. அம்மாவின் அப்பாவை எப்படிக் கூப்பிட்டார்கள்? 'அப்புச்சி' என்றால் நம் பக்கம். அம்மாவின் அம்மா 'அம்மிச்சி'. 'தாத்தா, பாட்டி' என்று மட்டும் வந்தால் எதுவும் நிரூபணமாகாது. கல்யாணத்தில், சாவில் விட்டுப்போகாத சீர் எது? கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தம்பி பெயர் யாருக்காவது தெரியுமா?

குலதெய்வம் தெரிந்துவிட்டால் வேலை சுருங்கும். கோயிலில் குடிப்பாட்டுக்காரர்களுக்குத் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருக்கும். பழைய நோட்டில் ஒரு வீட்டுப் பெயர் சில வருசம் வந்து அப்புறம் அடிபட்டிருக்கிறதா என்று பூசாரியிடமும் கணக்குப் பிள்ளையிடமும் கேளுங்கள்.

ஊருக்குள் போகும்போது முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "நெலத்துக்கு வரலைங்க." வெளிநாட்டிலிருந்து பங்காளி வருகிறார் என்றால் ஊரில் முதலில் எழும் பயம் அதுதான். அதைப் போக்காமல் கேட்கும் எந்தக் கேள்விக்கும் "தெரியாதுங்க" என்றே பதில் வரும்.

கேள்வி: அப்பாவின் சித்தப்பா 1935 வாக்கில் மலாயா போனார். தெலுக்கான்சனிலிருந்து 1941 வரை கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. – வாசகர், வெள்ளகோவில்

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். 1945 வரை தபாலும் மணியார்டரும் நின்றன. கடிதம் நின்றதை மட்டும் வைத்து இறந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைத் திரட்டிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலே கிடையாது. அங்கே போயிருந்தால் எழுத்துச் சான்று கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், 1948இல் மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அவர் அதுவரை இருந்திருந்தால் பதிவு உண்டு. மலேசியத் தேசியப் பதிவுத் துறையில் இறப்புச் சான்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும். உங்கள் கையிலுள்ள பழைய கடித உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தைவிட உறை முக்கியம், ஏனென்றால் தபால் முத்திரையில் ஊர் இருக்கும். தெலுக்கான்சன் 1982 முதல் தெலுக் இந்தான். போர்ட் சுவெட்டன்ஹாம் இப்போது கிள்ளான் துறைமுகம். தோட்டத்தின் பெயர் தமிழில் ஒன்று, கம்பெனிக் கணக்கில் வேறொன்றாக இருக்கும். நம் ஆட்கள் துரையின் பெயரையோ, கங்காணியின் பெயரையோ வைத்துத்தான் தோட்டத்தைக் கூப்பிட்டார்கள். கடிதத்தில் உள்ள பெயரை அப்படியே படமெடுத்து, அந்த வட்டாரத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். பழைய தோட்டப் பெயர்கள் கோயில்காரர்களுக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

கேள்வி: 'கண்டிக்குப் போனவர்' என்று மட்டும் தெரியும். இலங்கையில் தேட வேண்டுமா? – வாசகி, பரமத்தி வேலூர்

முதலில் நீலகிரியில் தேடுங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்டது. திரும்பியவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையும், கண்டியில் கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டும் அவர்களிடம் இன்னும் பெட்டியில் இருக்கும். தோட்டத்தின் பெயர், தகப்பன் பெயர், பூர்வீக ஊர் அவற்றில் கிடைக்கும். கடல் கடந்து போனவரின் பேரன் பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இருந்துவிடக் கூடும்.

கேள்வி: கொலை வழக்கில் 'தீவாந்திரம்' போனவர் என்று பாட்டி சொன்னார். அதுவும் கூலிக் கப்பல்தானா? – வாசகர், சங்ககிரி

இல்லை, அது வேறு கணக்கு. தீவாந்தர சிட்சை என்பது நாடு கடத்தல். 1858 முதல் அந்தமான். அதற்கு முன் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர். இவரைத் தேடக் கப்பல் பட்டியல் உதவாது, நீதிமன்றம்தான். வருசம் தெரிந்தால் சேலம் செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பையும், மேல்முறையீடு செய்திருந்தால் 1862இல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் தேடலாம். வீட்டில் சொல்லும் கொலை வேறு, தீர்ப்பில் உள்ள குற்றம் வேறாக இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். கூலிக்குப் போனவரைக் 'கொலை செய்துவிட்டுப் போனார்' என்று பங்காளிகள் கட்டிவிட்டதும் உண்டு. எதிர்ப்பக்கமும் உண்டு.

கேள்வி: ஓடிப்போன பெரியவர் பெயர் இன்னும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. விற்க முடியவில்லை. – வாசகர், உடுமலை

1980களில் நடந்த யுடிஆர் கணக்கில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த கணக்கு) பழைய பெயர்கள் அப்படியே ஏறிவிட்ட தொல்லை இது. ஏழு வருசமாக, இயல்பாகக் கேள்விப்பட வேண்டியவர்கள் கேள்விப்படவில்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் அது 111. இறந்தார் என்று மட்டுமே இது சொல்லும், எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்லாது. தேதியை வைத்துத்தான் பங்கு யாருக்கு என்பது மாறும். தாசில்தார் இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று கொடுக்கமாட்டார். ஆகவே சிவில் கோர்ட்டில் விளம்புகைத் தீர்ப்பு (அவர் இறந்தவர் என்று அறிவிக்கும் தீர்ப்பு) வாங்குவதே வழி. "நூறு வருசமாக நாங்கள்தான் உழுகிறோம்" என்பது மட்டும் போதாது. கூட்டுப் பங்காளியின் அனுபவம் தானாக அடுத்தவர் உரிமையை அழிக்காது. அவரை வெளியேற்றிவிட்டதாக வெளிப்படையாகக் காட்டியிருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இங்கேயும் கை கொடுக்கும். வக்கீலிடம் போகும்போது அதன் நகலோடு போங்கள்.

கேள்வி: டி.என்.ஏ. சோதனையில் உறவு தெரிந்துவிடுமா? – வாசகர், கோபி

ஓரளவுக்கு. போனவரின் கொள்ளுப்பேரனும் ஊரில் இருந்த தம்பியின் கொள்ளுப்பேரனும் மூன்றாம் தலைமுறைப் பங்காளிகள். அந்த உறவுக்குச் சராசரியாக 73 சென்டிமார்கன் (டி.என்.ஏ. ஒப்புமையை அளக்கும் அலகு) ஒத்துப்போகும். பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே ஒத்துப்போகாது. இருபுறமும் ஒரு தலைமுறை மேலே போனால் சராசரி 229. ஆகவே சோதனைக்குப் பேரனை அனுப்பாமல் வீட்டில் இருப்பவர்களில் மூத்தவரை அனுப்புங்கள். மாமன் மகள், அத்தை மகள் கட்டிக்கட்டி வந்த குடும்பங்களில் ஒப்புமை பல வழியாகச் சேர்ந்து எண் ஊதிக் காட்டும். 90 வந்துவிட்டது என்று உடனே கட்டிப்பிடிக்க வேண்டாம். ஆண் வழிப் பங்காளி என்று சந்தேகமிருந்தால் இருபுறமும் ஆண் வாரிசு ஒருவருக்கு ஒய் குரோமோசோம் சோதனை செய்யுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்தக் கிளையைக் கழித்துவிடலாம். பொருந்தினால் ஒரே குலம் என்பதற்கு மேல் அது அதிகம் பேசாது.

கேள்வி: தேடி, மொரிஷியசில் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்துவிட்டது. இங்கே அவர் கட்டிய மனைவி காத்திருந்தே போய்ச் சேர்ந்தார். அங்கே வேறு பெண்ணோடு ஏழு பிள்ளைகள். எப்படி எழுதுவது? – வாசகி, பல்லடம்

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், குடியேற்ற எண், நீங்கள் என்ன உறவு; இவ்வளவு போதும். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவருடைய பதிவு இருக்கும். 1860களுக்குப் பிறகு அங்கே இருந்தவராக இருந்தால் புகைப்படமும் இருக்க வாய்ப்புண்டு. நேரடி வாரிசு என்று பிறப்பு, திருமணச் சான்றுகளால் காட்டுபவர்களுக்கே கொடுப்பார்கள். அதாவது கேட்க வேண்டியவர் அவர்கள்தான். அந்தப் படத்துக்காகவாவது அவர்களோடு நல்லபடியாகப் பேசுங்கள். குலதெய்வக் கோயில் படம் ஒன்றும், வீட்டின் முன்பக்கப் படம் ஒன்றும் கூட வையுங்கள். காத்திருந்த பாட்டியைப் பற்றி அவர்களே கேட்பார்கள். அதுவரை இரண்டாவது கடிதத்துக்கு இருக்கட்டும்.